நாளைக்கு வருகிறவள்

அவர் நாற்காலியில் முழுமையாக உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். மற்ற நாள்களிலெல்லாம், அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டிய பேருந்துப் பயணியைப் போல இருக்கையின் விளிம்பிலேயே இருப்பார். இரண்டு கட்டளைகளைத் தட்டுவார். எழுவார். நான் இருக்கும் டேப் அலமாரி வரை நடந்து வந்து, எதையும் எடுக்காமல் திரும்பிப் போவார். எங்கள் கணினி அறையின் தரை, அடியில் கம்பிகள் ஓடுவதற்காக உயர்த்திக் கட்டப்பட்டது. நடந்தால் பலகை அதிரும். அந்த அதிர்வைக் கேட்டே அவர் இன்று எத்தகைய மனநிலையில் இருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில், கப்பல் சரக்கு கையாளும் ஒரு நிறுவனத்தின் நான்காம் மாடியில் இருந்தது அந்த அறை. கீழே பூமாலைக் கடைகளும் மசாலா அரைக்கும் கடையும் இருந்தன. அவற்றின் மணம் இரண்டாம் மாடியோடு நின்றுவிடும். மேலே குளிரூட்டியின் உலோக வாடை மட்டுமே. நான் அங்கே காந்த நாடாக்களை, அதாவது டேப்களை, அடுக்கிக் காக்கும் வேலையில் இருந்தேன். அவர் கணினியை இயக்கும் ஆபரேட்டர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் புக்கிட் மேராவிலிருந்து ஒரே பேருந்தில் வந்துவிடுவேன். அவர் பூன் லேயிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவார். நான் அவரை ‘அக்கா’ என்றேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி யாரோ எதையோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தால், அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க உடனே புறப்பட்டு வந்துவிடக்கூடியவர் அவர்.

எழுபதுகளின் இறுதியில் நான் வேலையில் சேர்ந்தபோது எங்கள் டெர்மினல்களுக்குத் திரை கிடையாது. பெரிய தட்டச்சுப்பொறி போன்றவை அவை. நாம் தட்டும் கட்டளையும் கணினி சொல்லும் பதிலும் நீண்ட தாளில் அச்சாகி, பின்பக்கம் மடிந்து விழும். மாலையில் மற்றவர்கள் அந்தத் தாளைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போடுவார்கள். அவர் கிழித்து, சுருட்டி, ரப்பர் வளையம் மாட்டி, கைப்பைக்குள் வைத்துக்கொள்வார்.

“எதுக்கு அக்கா இது?” என்று முதல் வாரமே கேட்டேன்.

“நாளைக்கு வர்றவளுக்கு.”

“புதுசா ஆள் எடுக்கிறாங்களா?”

“நான்தான் லா. நாளைக்குக் காலையில இங்க வந்து உட்கார்றவ. இன்னிக்கு நான் என்ன செஞ்சேன்னு அவளுக்கு யாரு சொல்றது?”

“உங்களுக்கே ஞாபகம் இருக்காதா?”

“இருக்கும். ஆனா அதை நம்ப முடியாது.”

சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டார். அறைப் பொறுப்பாளரான பாய், தன் மேசையிலிருந்து தலையைத் தூக்கினார். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக இங்கே கடை வைத்திருந்த குடும்பத்தவர். எதையும் உரக்கச் சொல்லாமல் சிரிக்க வைக்கத் தெரிந்தவர். “சிஸ்டர், வீட்டுல கட்டில் இருக்கா, இல்ல தாள் மேலதான் படுக்கிறீங்களா?” என்றார்.

“கட்டில் இருக்கு பாய். அதுக்குக் கீழேதான் தாள்.”

அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை என்பதை, ஒரு கிறிஸ்துமஸ் நாளில் அவர் வீட்டுக்குப் போனபோது கண்டேன். கட்டிலுக்கடியில் சுருள்கள் வரிசையாக, மாதம் குறித்த அட்டைகளோடு இருந்தன. அவருடைய அம்மா கேக் தட்டை என்னிடம் நீட்டிக்கொண்டே, “கூட்ட விட மாட்டேங்குறா. பல்லி முட்டை போட்டா அதையும் எழுதி வச்சுக்குவா” என்றார்.

அவரோடு பேருந்து நிறுத்தம் வரை நடப்பது எளிதான செயலன்று. அறையைப் பூட்டுவார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். மூன்றாம் மாடியில் நின்று, “நீ இங்க இரு” என்று சொல்லிவிட்டு மேலே ஏறி மறுபடி இழுத்துப் பார்ப்பார். ஏழு முறை இழுத்த நாளும் உண்டு. சில நாள்களில் பேருந்தில் ஏறி அமர்ந்த பிறகும் இறங்கித் திரும்பி வருவார். அதற்கு ஒரு மருந்தையும் அவரே கண்டுபிடித்திருந்தார். பூட்டியவுடன் இடது உள்ளங்கையில் பேனாவால் ‘பூட்டியாச்சு’ என்று எழுதிக்கொள்வது. நெரிசலான பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கும்போது இடையிடையே கையை எடுத்து வாசித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரப் பாட்டி அவரைக் கைரேகை பார்ப்பவர் என்று எண்ணித் தன் கையை நீட்டியதாக ஒருமுறை சொன்னார்.

தன்னைப் பற்றிய இத்தகைய கதைகளை அவரே சொல்வார், சிரித்துக்கொண்டே. மாதந்தோறும் மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது பட்டியல் எழுதிக்கொண்டு போவாராம். ஒருநாள் கூண்டுக்குள்ளிருந்த சாமியார் பொறுக்க முடியாமல், “மகளே, பாவத்தைச் சொன்னால் போதும், எத்தனை மணிக்குச் செய்தாய் என்பது வேண்டாம்” என்றாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரி ஃபாதர்னேன். வெளிய வந்து, எதெது சொன்னேன் எதெது விட்டேன்னு டிக் பண்ணிக்கிட்டேன்.”

சிரித்து முடித்ததும் அவர் முகம் சட்டென்று வேறொன்றாகும். சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு எதையோ தேடுவது போல் கண்கள் அலையும். அதன் காரணத்தை நான் கேட்டதில்லை. ஒருவர் ஏன் இப்படி ஆனார் என்று ஒற்றைக் காரணம் சொல்லும் கதைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றை நம்பும் பழக்கம் எனக்கு இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் திரைகள் வந்தன. பச்சை எழுத்துகள், ஓசை இல்லை, தாள் இல்லை. நாங்கள் மகிழ்ந்தோம். அவர் மட்டும் திரையின் முன் நின்றுகொண்டிருந்தார். இருபத்து நான்கு வரிகள் நிரம்பியதும் முதல் வரி மேற்புறமாக ஏறி மறைந்தது.

“எங்க போச்சு?”

“மேல போயிடுச்சு” என்றேன்.

“மேலன்னா?”

“சொர்க்கத்துக்கு, சிஸ்டர்” என்றார் பாய்.

அன்று முதல் அவர் கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கட்டளையையும் தட்டியபின் நேரத்தோடு அதில் எழுதுவார். வேலை இரட்டித்தது. எழுதுவதற்குள் அடுத்ததைத் தட்டிவிட்டால், எது முன் எது பின் என்ற ஐயம் வந்துவிடும். எழுந்து நடப்பார். பகலுணவுக்கு வெளியே போனால், டெர்மினலை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறினால் திரையில் மிச்சமிருப்பதும் போய்விடும். அறைக்குள் உணவு கொண்டுவரவும் கூடாது. ஆகவே வாசலில் நின்று, ஒரு கால் அறைக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக, தேக்கா சந்தையிலிருந்து வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார். பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி கதவுக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சில ஆண்டுகள் இப்படியே சென்றன. பிறகு, பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார்கள். அதனோடு வந்த கையேடு இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய கனம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் முழுதும் படித்தவர் எங்கள் அறையில் அவர் ஒருவர்தான். பேருந்தில் மடியில் விரித்து வைத்துப் படிப்பார். ஒரு காலையில், வழக்கத்துக்கு முன்னதாகவே வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

“இது எழுதி வச்சுக்குது” என்றார்.

“எது?”

“மெஷின். நான் தட்டுறதையெல்லாம் அதுவே வரிசையா வச்சுக்குது. கேட்டா காட்டுது. வெளிய போனா மறந்துடும். ஆனா ஒரே ஒரு வரி சேர்த்துட்டா, வெளிய போறப்ப ஃபைல்ல எழுதி வச்சுட்டு, மறுநாள் உள்ள வந்ததும் திருப்பி எடுத்துக்குமாம். கடைசி நூறு வரி.”

அந்த ஒரு வரியை அமைப்புக் கோப்பில் சேர்க்க மேலாளரின் இசைவு வேண்டியிருந்தது. மேலாளர் ஒரு சீனர், கடுமையானவர், ஆங்கிலத்தில் மட்டும் பேசுபவர். இதனால் என்ன பயன் என்று அவர் கேட்டதும் அக்கா நடக்கத் தொடங்கினார். பாய்தான் குறுக்கிட்டு, தரைப் பலகை தேயாமல் இருக்கும் என்றார். மேலாளர் சிரித்துவிட்டார். வரி சேர்க்கப்பட்டது. மறுநாள் காலை உள்ளே நுழைந்து, பட்டியலைக் காட்டு என்று அக்கா கேட்டார். முந்தின நாள் அவர் செய்தவையெல்லாம் எண் வரிசையோடு திரையில் வந்து நின்றன. அவர் மெதுவாக உட்கார்ந்தார். அவர் முதுகு நாற்காலியின் முதுகில் படிந்தது. நான் சொன்ன அந்த ஒரே ஒரு நாள் அதுதான்.

ஆயினும் நோட்டுப் புத்தகத்தை அவர் விடவில்லை. இயந்திரம் சரியாக எழுதுகிறதா என்று யார் பார்ப்பது?

இந்த ஏற்பாட்டில் ஒரு நுணுக்கம் இருந்தது. பாயைத் தவிர எங்கள் அறையில் அனைவரும் ஒரே பயனர் பெயரில்தான் உள்ளே நுழைவோம். ஆகவே பட்டியலும் எல்லோருக்கும் ஒன்றுதான். யார் கடைசியாக வெளியேறுகிறாரோ அவருடைய வரிகளே கோப்பில் நிலைக்கும். அவருக்கு முன் வெளியேறியவர் அன்று தட்டியவை அதனடியில் அழுந்தி மறைந்துவிடும். அக்கா இதற்கும் ஒரு முறை வகுத்தார். மாலையில் அவர் வேலை முடிந்ததும் எழுந்துகொள்வார். நான் அவருடைய டெர்மினலிலேயே உட்கார்ந்து, அன்றைய டேப்களின் பட்டியலை அச்சிட்டுவிட்டு வெளியேறுவேன்; அதை அவர் ‘மூடுவது’ என்பார். அச்சிடும் கட்டளை நாற்பது எழுத்துக்கு மேல் நீளும். எனக்குத் தட்டச்சு வராது. காலையில், வெளியே போய்த் திரும்பிய டேப்களைச் சரிபார்க்க அதே பட்டியல் எனக்கு மறுபடியும் வேண்டும்.

“காலையிலயும் ஏன் கஷ்டப்படுற?” என்றார். “கடைசியா நீதானே தட்டிட்டுப் போற? ரெண்டு ஆச்சரியக்குறி போடு. கடைசி வரியை அதுவே திருப்பிச் செய்யும்.”

அப்படியே செய்துவந்தேன். இரண்டு ஆச்சரியக்குறிகள். அச்சுப்பொறி கடகடவென்று ஓடத் தொடங்கும். பல மாதங்கள், அவர் வரிகளின் அடியில் கடைசி வரி என்னுடையதாகவே இருந்தது. காலையில் என்னைக் கண்டதும் அவர் கேட்கும் முதல் கேள்வியும் மாறவில்லை.

“நேத்து மூடினியா?”

“மூடினேன் அக்கா.”

அந்த ஆண்டின் பிற்பகுதியில், கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் கணவரை ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் மிஞ்சியது. என் ஒப்பந்தமோ ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. அதற்கான நாள் மாதக் கடைசியில் வரவிருந்தது. டேப் அடுக்கும் பெண் டெர்மினலைத் தொடுவது, பாய் வாய்மொழியாகத் தந்த சலுகை மட்டுமே. ஏட்டில் அதற்கு இடமில்லை.

இந்த நிலையில்தான் ஒரு மாலை அக்கா பேருந்தில் ஏறி, இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வந்தார். நான் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டேன். மூன்றாம் மாடியில் தட்டச்சுப் பெண்கள் நாள் முழுதும் பதியும் சரக்குப் பட்டியல்களை மாலையில் டேப்பில் படியெடுத்தபின், கணினியிலிருந்து அழித்து, மறுநாளுக்கு இடம் ஒதுக்குவது அவர் பொறுப்பு. அழித்தோமா என்ற ஐயம் அவருக்கு வந்திருக்கிறது. வந்து பார்த்தால், உண்மையிலேயே அழிக்கவில்லை. அழித்தார். வெளியேறினார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மறுபடி பேருந்து ஏறினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மூலையிலிருந்த டெர்மினலில் நான் நுழைந்து இரண்டு ஆச்சரியக்குறிகளைத் தட்டினேன். அச்சுப்பொறி ஓடவில்லை. அது சில சமயம் அடம்பிடிப்பதுண்டு. மறுபடியும் தட்டினேன். அப்போதும் ஓடவில்லை. நான் அச்சுப்பொறியின் மூடியைத் திறந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாம் மாடியிலிருந்து தொலைபேசி வந்தது. காலை ஏழரையிலிருந்து பதிந்த பட்டியல்களைக் காணோம். இரண்டு கப்பல்களின் சரக்கு. துறைமுகத்தில் லாரிகள் நிற்கின்றன.

மாலையில் சரியாக இருந்த அதே வரி, காலையில் பெருந்தவறாகிவிட்டது. அதை நான் அப்போது அறியவில்லை. என் திரையில் பட்டியலைக் கேட்டபோது, அழிக்கும் கட்டளை ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று முறை நின்றது. முதலாவது, அக்கா முந்தின மாலை எழுதியது. மற்ற இரண்டும் என் கை.

மேலாளர் வந்தார். தட்டச்சுப் பெண்கள் எல்லாவற்றையும் மறுபடி பதியும்படி ஆனது. யார் செய்தது என்று கேட்டார். எவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் வெளியேறியபின் அந்தப் பட்டியல் கோப்பை அச்சிட்டுத் தரச் சொல்லி, பாயிடம் கட்டளையிட்டுவிட்டுப் போனார்.

நான் அக்காவிடம் போனேன்.

“அக்கா, நான்தான்.”

“என்ன தட்டின?”

“எப்பவும் தட்டுறதுதான். ரெண்டு ஆச்சரியக்குறி. ரெண்டு தடவை.”

அவர் தன் இடது கையை விரித்தார். குளித்தும் முழுதாக அழியாத மையில் ‘அழிச்சாச்சு’ என்று இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம்.

“நான் திரும்பி வந்தேன்” என்றார். “பஸ்ஸ விட்டு இறங்கி. உன்கிட்டச் சொல்லணும்னு தோணவே இல்ல.”

எனக்கு அப்போது ஒரு வழி தெரிந்தது. மிக எளிதான வழி. “அக்கா, யாரும் எதையும் அழிக்க வேண்டாம். நான் இப்பவே வெளிய போயிடுறேன். நீங்க காலையில எட்டு மணியிலருந்து உள்ளதான் இருக்கீங்க. உங்க வரிசையில நான் தட்டினது கிடையாது. நீங்க எப்பவும்போல அஞ்சு மணிக்கு வெளிய போங்க. உங்களோடது என்னோடதுக்கு மேல விழுந்துடும். நேத்து சாயங்கால வரி ஒண்ணு மட்டும் இருக்கும். அது சரியான வரிதானே? மெஷின் கோளாறுன்னு போயிடும்.”

அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார். பிறகு, “உனக்கு மாசக் கடைசியில காண்ட்ராக்ட்” என்றார்.

“ஆமா.”

“அவருக்கு இன்னும் வேலை கிடைக்கலல்ல?”

“இல்ல.”

“நாளைக்குக் காலையில நான் வந்து அந்த லிஸ்ட்டைப் பார்ப்பேனே” என்றார், என்னிடம் சொல்வது போலவே இல்லாமல். “அதுல நடந்தது இருக்காதே.”

“யாரு பார்க்கப் போறாங்க அக்கா, உங்களைத் தவிர?”

“அதான் லா” என்றார்.

நடக்கத் தொடங்கினார். பதினோரு மணியிலிருந்து நடந்தார். டேப் அலமாரி, கதவு, சன்னல், மறுபடி டேப் அலமாரி. பகலுணவுக்குப் போகவில்லை. ஒவ்வொரு முறை என் அருகே வரும்போதும் எதையோ சொல்லப் போகிறார் என்று நான் நிமிர்வேன். சொல்லாமல் திரும்புவார். பலகை அதிர்ந்துகொண்டே இருந்தது. எதுவும் அறியாத பாய், “சிஸ்டர், இந்நேரம் பாலம் தாண்டி ஜோகூர் போய்ச் சேர்ந்திருப்பீங்க” என்றார். அவர் அதற்குச் சிரிக்கவில்லை. எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. டேப்களை எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நாலரை மணிக்குத் தன் டெர்மினலுக்குப் போனார். உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து இரண்டு விசைகளை ஒருசேர அழுத்தினார். அவர் திரை வெறுமையாகி, பயனர் பெயரைக் கேட்டது. என்னிடம் வந்தார்.

“என்னால முடியல. நான் வெளிய போயிட்டேன். இப்ப நீதான் கடைசி.”

சொல்லிவிட்டு அறையின் ஒரே சன்னலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

எனக்குச் சினம் வந்தது. கையைக் கழுவிக்கொண்டார் என்று எண்ணினேன். என் கையில் இன்னும் வழிகள் இருந்தன. வெளியேறும் முன் நூறு வெறும் கட்டளைகளைத் தட்டி என் வரிகளை மேலே தள்ளிவிட்டிருக்கலாம். அரை மணி நேரம் அதற்குப் போதும். விசைகளின் மேல் விரல்களை வைத்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்தேன். திரும்புவார் என்று காத்திருந்தேன். பூட்டிய பூட்டை ஏழு முறை இழுத்துப் பார்க்கிறவர், மூன்றாம் மாடியிலிருந்து ஏறி வருகிறவர், ஓடும் பேருந்தை நிறுத்தி இறங்குகிறவர். அவர் திரும்பவில்லை. கீழே சாலையில் என்ன இருந்ததோ, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் விறைத்திருந்தது.

நான் அந்த இரண்டு விசைகளை அழுத்தினேன்.

ஐந்து மணிக்குப் பாய் அச்சிட்ட தாளை மேலாளர் மேசை மேல் விரித்தார். மூன்று வரிகள், ஒரே மாதிரி. பெயர் இல்லை, நேரம் இல்லை. “யார்?” என்றார்.

“முதல் வரி என்னுடையது” என்றார் அக்கா, ஆங்கிலத்தில். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். மாலை ஆறு மணி ஏழு நிமிடம். பேருந்திலிருந்து திரும்பி வந்ததும், வந்ததை எவரிடமும் சொல்லாததும், இரண்டு ஆச்சரியக்குறிகளை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் தானே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பாவசங்கீர்த்தனக் கூண்டில் இப்படித்தான் சொல்வார் போலும்.

“மற்ற இரண்டும் நான்” என்றேன்.

மேலாளர் தாளை என் பக்கம் திருப்பினார். “ஏன் இரண்டு முறை?”

“முதல் முறை பதில் வரவில்லை.”

பாய் இருமுவது போல வாயை மூடிக்கொண்டார்.

என்னை நீக்கவில்லை. ஓராண்டு ஒப்பந்தத்துக்குப் பதிலாக மூன்று மாதம் தந்தார்கள். மூன்று மூன்று மாதங்களாகவே அது ஓடி, என் கணவருக்கு வேலை கிடைக்கும்வரை தாங்கிவிட்டது. டெர்மினலைத் தொடக்கூடாது என்று எழுத்தில் தடை வந்தது. அதைவிடப் பெரிய விலையை அக்கா கொடுத்தார். பட்டியலைக் கோப்பில் சேமிக்கும் ஏற்பாடே ஆபத்தானது, எடுத்துவிட வேண்டும் என்றார் மேலாளர். அந்த ஒரு வரியை அவர் கையாலேயே, மேலாளர் பின்னால் நின்று பார்க்க, அழிக்க நேர்ந்தது. அழித்தார். பிறகு பேனாவை எடுத்து, அழித்ததை நேரத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதன்பின் அவர் பேருந்திலிருந்து திரும்பி வரும் நாள்கள் அதிகமாயின. மாலையில் மூடிக் கொடுக்க நான் இல்லை. காலையில் என்னைக் கண்டதும் “நேத்து” என்று தொடங்குவார். நினைவு வந்து நிறுத்திக்கொள்வார். என் மேல் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நேரத்தோடு சொல்லியிருப்பார்.

மறு ஆண்டு, பெர்த்தில் இருந்த அண்ணன் அவரையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டார். கடைசி நாளன்று நான்தான் பேருந்து நிறுத்தம் வரை சென்றேன். நோட்டுகள் கனத்த பையை நான் சுமந்தேன். பேருந்து வந்தது. படியில் ஒரு காலை வைத்தவர், திரும்பினார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

“நான் வெளிய வந்தேனா? டெர்மினல்ல?”

“வந்தீங்க அக்கா. நான் பார்த்தேன்.”

நான் பார்க்கவில்லை. அந்நேரம் நான் டேப்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் அவசரப்படுத்தினார். நான் அவர் இடது கையைப் பற்றி, என் பேனாவால் உள்ளங்கையில் ‘மூடியாச்சு’ என்று எழுதினேன். அவர் அதை வாசித்தார். என் கையெழுத்தை வாசித்தார். ஏறிவிட்டார். அடுத்த நிறுத்தம் நான் நின்ற இடத்திலிருந்தே தெரியும். பேருந்து அங்கே நின்றது. எவரும் இறங்கவில்லை.

நான் வீட்டுக்குப் போகும் பேருந்தை இரண்டு முறை போகவிட்டேன். பிறகு திரும்பி நடந்து நான்காம் மாடி ஏறினேன்.

அவர் டெர்மினல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. வெளியேறவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டுப் போனாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியேறினால் அவருடைய கடைசி நாள் முழுதும் போய்விடும். வெளியேறாவிட்டால் நான் அவர் கையில் எழுதியது பொய்.

பாய் என்னையும் திரையையும் பார்த்தார். “உங்களுக்குத் தடை இருக்கு, தெரியும்ல?” என்றார். எழுந்து தொப்பியை எடுத்தார். “நான் தொழப் போறேன். கால் மணி நேரம் ஆகும்.”

நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பட்டியலைக் காட்டு என்று தட்டினேன். எழுபத்தோரு வரிகள். டேப் அட்டைகளின் பின்புறத்தில் ஒவ்வொன்றாக என் கையால் எழுதிக்கொண்டேன். எனக்கு அவற்றில் பாதிக்கும் மேல் பொருள் விளங்கவில்லை. கடைசி வரியையும் எழுதியபின் அந்த இரண்டு விசைகளை அழுத்தினேன். திரை வெறுமையாகி, பெயரைக் கேட்டது. அவர் அப்போது பூன் லேயை நெருங்கியிருப்பார். நான் எழுதிக் கொடுத்த சொல் உண்மையாயிற்று.

பாய் வந்ததும் அட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இரண்டாம் மாடியில் மசாலா மணம் வந்தது. அங்கே ஒரு கணம் நின்றேன். பிறகு, மூடினேனா என்று பார்க்க, மறுபடியும் ஏறினேன்.